கல்வாழைப் பாத்தியில் மெரூன்

திருப்பூரில் ஓடும் எந்தச் சாயத் தண்ணீரையும் ஒரு கை அள்ளிக் காட்டினால் போதும். அது என்ன ஷேடு, எந்த மாஸ்டர் போட்டது, அந்த மாஸ்டருக்கு அன்று காலை வீட்டில் சண்டையா சமாதானமா என்பது வரைக்கும் தன்னால் சொல்லிவிட முடியும் என்பார் ஆத்தப்பன். சொல்லும்போது சிரிக்க மாட்டார். கேட்பவர்களும் சிரிப்பதில்லை. அவர் அரை ஆயுசு சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். இப்போது பசுமை நகர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். இந்த இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் நாங்கள் இரண்டுக்கும் பயந்துகொண்டிருந்தோம்.

பசுமை நகர் வீரபாண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதில் பச்சையாக இருந்தது நுழைவாயில் பெயர்ப்பலகை மட்டும்தான். அதுவும் இரண்டு கோடை கழிந்ததும் நீலமாகிவிட்டது. "பச்சையில மஞ்சள்தானுங்க மொதல்ல சாவும். அடிச்சவனுக்குத் தொழில் தெரியல," என்று ஆத்தப்பன் தீர்ப்புச் சொன்னார். மனை பிரித்தபோது மிச்சமிருந்த ஒரே வேப்பமரத்தை, இலை விழுந்து சாக்கடையை அடைக்கிறது என்று சங்கமே கூடித் தீர்மானம் போட்டு வெட்டியது. தீர்மானத்தின் தலைப்பு, 'சுற்றுச்சூழல் பராமரிப்பு'.

குடிக்க லாரித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் பொது போர்வெல். சுற்றிலும் கிணறுகள் சிவப்பும் நீலமுமாகக் கெட்டுப்போய்க் கிடக்கிற இடத்தில், எங்கள் போர்வெல்லில் மட்டும் தண்ணீர் இன்னும் தண்ணீர் நிறத்தில் வருகிறது. அது கெட்டால் பசுமை நகரில் குடியிருக்கவும் முடியாது, விற்றுவிட்டுப் போகவும் முடியாது.

அந்த போர்வெல்லை ஒட்டிய மனையைத்தான் அமானுல்லா வாங்கினார்.

அமானுல்லா கட்டிங் வேஸ்ட் வியாபாரி. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துண்டுத் துணியை மூட்டையாக எடுத்து, நிறம் பிரித்து விற்பவர். வீட்டை வரையும் பொறுப்பை, கோவையில் கட்டடக்கலை படித்து முடித்த மகள் மெஹ்ஜபினிடம் கொடுத்தார். அவள் செங்கலே வேண்டாம் என்றாள். மண்ணை அச்சில் இறுக்கி, சூளையில் வேக வைக்காமல், அப்படியே சுவராக அடுக்கினார்கள். மேலே பூச்சும் இல்லை.

"பாய்க்குக் கையில தட்டுப்பாடாட்டம் இருக்குது, பாவம்," என்றது தெரு. பிறகு விசாரித்ததில் தட்டுப்பாடு எதுவும் இல்லை என்று தெரிந்தது. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. வசதியில்லாமல் ஒருவர் மண்வீடு கட்டினால் பரிதாபப்படலாம். வசதியிருந்தும் கட்டினால் ஏதோ இருக்கிறது.

அடுத்தது ஏசி. அந்த வீட்டில் ஏசி இல்லை.

"ஏசி இல்லாம ஒருத்தரு கத்திரி வெயில்ல தூங்கறாருன்னா என்னங்க அர்த்தம்?" என்று சங்கச் செயலாளர் வேல்குமாரிடம் கேட்டார் ஆத்தப்பன்.

"காத்து வருதுங்களாமா மாஸ்டரு."

"அவரு ஊட்டுல ராத்திரி யாரும் தூங்கறதே இல்லைன்னு அர்த்தமுங்க."

வேல்குமார் தையல் யூனிட் வைத்திருப்பவர். யார் சொன்னதையும் மறுத்துப் பழக்கமில்லாதவர். "இருக்குமுங்க," என்றார்.

மூன்றாவதாக வந்ததுதான் கல்வாழை. அமானுல்லா வீட்டில் குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சாக்கடைக்குப் போகாது. முதலில் ஜல்லி நிரப்பிய குழிக்கு, அங்கிருந்து கல்வாழை நட்ட நீளப் பாத்திக்கு, பாத்தியைத் தாண்டிச் சின்னத் தொட்டிக்கு, தொட்டியிலிருந்து பப்பாளிக்கும் கீரைக்கும். எல்லாம் திறந்த வெளியில். பாத்தி ஓடுவது ஆத்தப்பனின் மதிலுக்கு நேர் அந்தப் பக்கம்.

குடிபுகுந்த அன்று எல்லோரையும் அழைத்துப் போய்க் காட்டினார் அமானுல்லா. ஆத்தப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தியைப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், குளிச்ச தண்ணியில கீரை வெளையுது. அந்தக் கீரையத் தின்னுபோட்டு மறுக்காக் குளிப்பீங்க. அப்பறம் அந்தத் தண்ணி கீரைக்குப் போவும். நடுவுல வேற யாராச்சும் பொழைக்கறதுக்கு வழி வெச்சிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அமானுல்லாவும் சிரித்தார். அவர் மனைவி பத்ருன்னிசா மட்டும் பிரியாணித் தட்டை நீட்டியபடியே கேட்டார்: "உங்க ஊட்டுத் தண்ணி எங்கங்க போவுது மாஸ்டரு?"

"அது போவுதுங்க."

"எங்கீங்க?"

ஆத்தப்பன் பொதுவாக ஒரு திசையைக் காட்டினார். "அக்கட்டால."

அன்று முதல் அமானுல்லாவுக்கு 'குளிச்ச தண்ணிக்குப் பாத்தி கட்டறவரு' என்று பெயர். வைத்தவர் ஆத்தப்பன். எதிரில் இருக்கும்போது எல்லோரும் 'பாய், வாங்க, உக்காருங்க' என்றுதான் பேசுவோம். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. விருந்தில் குழம்பு கரித்தால்கூட 'உப்பு நல்லா எடுத்துக் குடுக்குதுங்க' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடிப்போம். வாயைத் திறந்து குறை சொன்ன ஆளை இன்னும் பசுமை நகர் பார்த்ததில்லை.

இந்த மரியாதையின் நடுவில்தான் பொங்கல் வந்தது.

பொங்கல் விளையாட்டு விழாவுக்குச் சங்கத்தின் சார்பில் வீட்டுக்கு வீடு டி-ஷர்ட். ஆத்தப்பன் நண்பரின் பட்டறையில் தானே நின்று துணிக்குச் சாயம் போட்டார். வேல்குமாரின் யூனிட்டில் வெட்டித் தைத்தார்கள். அடர் மெரூன், முதுகில் 'பசுமை நகர்' என்று வெள்ளை எழுத்து. மேடையில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து ஆத்தப்பன் சொன்னார்: "துணி நைஞ்சு போவும், நூலு இத்துப் போவும், இந்தச் சாயம் மட்டும் அப்படியே நிக்குமுங்க." சங்கக் கூட்டத்துக்கு இனி எல்லோரும் இதைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்றும் விதி செய்தார்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், மதில்மேல் காய்ந்த துண்டை எடுக்கப் போன ஆத்தப்பன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கல்வாழைப் பாத்தியில் தண்ணீர் மெரூனாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆத்தப்பன் துண்டை எடுக்கவில்லை. திருப்பூரில் பிறந்த ஒருவருக்கு மறைவான இடத்தில் நிறம் கலந்த தண்ணீரைப் பார்த்தால் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். திருட்டுச் சாயப்பட்டறை. வெளியே வீடு, உள்ளே தொட்டி. அப்படி எத்தனையோ பிடிபட்டிருக்கின்றன. அதுவும் போர்வெல்லை ஒட்டி.

மண்சுவர், ஏசி இல்லாத வீடு, சாக்கடை இணைப்பு கேட்காத மனிதர். எல்லாம் அவருக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. சுற்றுச்சூழல் என்று சொல்லிக்கொண்டால் யாரும் உள்ளே வந்து பார்க்க மாட்டார்கள் அல்லவா?

ஒரு குச்சியில் காலி தண்ணீர் பாட்டிலைக் கட்டி, மதிலுக்கு மேலாக விட்டு மொண்டார். மறுநாளும் மொண்டார். அதற்கு மறுநாளும். பாட்டில்கள் அவர் சன்னலில் வரிசையாக நின்றன. முதலாவது நல்ல மெரூன், அடுத்தது கொஞ்சம் வெளிறல், அதற்கடுத்தது ரோஸ்.

"அலசறாங்க," என்றார் மனைவி மருதம்மாளிடம். "ஒரு லாட்டுத் துணிக்குச் சாயம் போட்டுப்போட்டு இப்ப அலசிக்கிட்டு இருக்கறாங்க."

மருதம்மாள் பாட்டிலைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வெயிலாட்டம் இருக்குது, மோரு குடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அதன் பிறகு கண்காணிப்பு. அமானுல்லா வீட்டுக்கு ஆட்டோவில் மூட்டைகள் வந்தன, குறித்துக்கொண்டார். மதிலில் காதை வைத்தார். உள்ளே டகடகவென்று மிஷின் ஓசை. மூட்டையை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்த பீகார்ப் பையன் ஒருவனிடம், தெரிந்த இந்தியில் என்ன சரக்கு என்று கேட்டார். அவன் சிரித்தான். "எதையோ மறைக்கறான், அதான் சிரிக்கறான்," என்றார் வேல்குமாரிடம். மறுநாள் அவன் சிரிக்கவில்லை. "பார்த்தீங்களா, உஷார் பண்ணிப்போட்டாங்க."

"எனக்கு பாய் மேல ஒண்ணுமில்லீங்க வேல்குமாரு. தண்ணி மேலதான்."

"தெரியுமுங்க."

"நம்ம போர்வெல்லு போச்சுன்னா எல்லாரும் போக வேண்டியதுதான்."

"ஆமாங்க." வேல்குமாருக்கும் இப்போது உண்மையாகவே பயம் வந்துவிட்டது. சந்தேகம் இரண்டே நாளில் தெரு முழுக்கப் பரவியது. கீரைக்காரம்மா நிற்கும் இடத்தில், ஸ்கூல் வேன் வரும் இடத்தில், எல்லா இடத்திலும் தாழ்ந்த குரலில் ஒரே பேச்சு. அமானுல்லா வந்தால் பேச்சு நின்று, "வாங்க பாய், சௌக்கியமுங்களா?" என்று எல்லோரும் ஒரே குரலில் விசாரித்தோம். அவர் அதிலேயே ஏதோ கோளாறு என்று தெரிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்வெல் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவசரக் கூட்டம். விதிப்படி எல்லோரும் மெரூனில். தகரத்துக்கு அடியில் வெயில் இறங்கியது. வேர்த்துக் கொட்டியது. வேல்குமாரின் கழுத்தோரம் லேசாக ரோஸ் நிறம் படர்ந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அதாவது, எல்லோரும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மேஜையில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எழுதிய புகார் மனு. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"யாரு ஊடு, என்னன்னு நான் பேரு சொல்லலீங்க," என்று ஆரம்பித்தார் ஆத்தப்பன். "கல்வாழை இருக்கற ஊடு. அவ்வளவுதானுங்க சொல்லுவேன்."

ஊரில் கல்வாழை இருப்பது ஒரு வீட்டில்தான். எல்லோரும் அமானுல்லாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். அவருடைய மெரூன் டி-ஷர்ட் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. இதுதான் அவர் வந்த முதல் கூட்டம்.

"எங்க ஊட்டுல சாயப்பட்டறை இல்லீங்க. வந்து பாருங்க. யாரு வேணும்னாலும் வாங்க."

"நாங்க எதுக்குங்க வரோணும்? பார்க்க வேண்டியவங்க வந்து பார்ப்பாங்க."

"அவங்க வந்தா மொதல்ல கரண்ட்டப் புடுங்குவாங்க மாஸ்டரு. ஊட்ட சீல் வெப்பாங்க. அப்பறந்தானுங்க கேள்வி. உங்களுக்குத் தெரியாததா?" அமானுல்லா மகளைப் பார்க்காமல் பேசினார். "எம்புள்ள வரைஞ்ச மொதல் வீடுங்க இது. இதுக்குச் சீல் வெச்சு, பேப்பர்ல போட்டா, நாளைக்கு எவனுங்க அவகிட்ட வீடு வரையக் குடுப்பான்?"

மெஹ்ஜபின் கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேனா வேல்குமாரின் கைக்கு வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து பத்ருன்னிசா எழுந்தார்.

"கையெழுத்துப் போடுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னால மாஸ்டரு ஒண்ணு சொல்லிப்போடட்டும். தண்ணியப் பார்த்தே போட்டவரு யாருன்னு சொல்லுவீங்கன்னு ஊரே பேசுது. இது யாரு போட்ட சாயமுங்க?"

ஆத்தப்பனுக்கு இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. முதல் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். முகர்ந்தார். விரலால் தேய்த்தார்.

"போட்டவன் கத்துக்குட்டி," என்றார்.

"செரிங்க."

"சாயம் துணிக்குள்ள போவல. மேலால ஒட்டிக்கிட்டு நிக்குது. சோப்பு வாஷு பத்தல. கடைசி அலசலச் சுத்தமா முழுங்கிப்போட்டான். சோம்பேறி. எம்பட்டறையா இருந்திருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு வெளிய அனுப்பியிருப்பனுங்க."

"ரொம்ப நல்லதுங்க," என்ற பத்ருன்னிசா வெளியே போய் ஒரு சாக்கை இழுத்து வந்தார். வாயைப் பிரித்து மேஜைமேல் கவிழ்த்தார். கழுத்துக்கு வெட்டிய பிறைத் துண்டுகள், கை ஓரத்து நீளத் துண்டுகள், எல்லாம் மெரூன். நடுவில் முழு முதுகுத் துணி ஒன்று. அச்சு தவறிப்போய் வேஸ்ட்டில் போட்டது. அதில் 'பசுமை நகர்' என்று தலைகீழாக இருந்தது.

ஒவ்வொருவரும் மெதுவாகக் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார்கள்.

வேல்குமார் பேனாவைக் கீழே வைத்தார். "அது... நம்ம யூனிட்டு வேஸ்ட்டுங்க. பொங்கலுக்கு வெட்டுனது. பாய்தான் எடுத்துட்டுப் போனாரு."

மெஹ்ஜபின் எழுந்து, "இந்தத் துண்டுத் துணியச் சாக்குல அடைச்சு, கூரைக்கும் மேல் ஓட்டுக்கும் நடுவுல பரப்புறோங்க. சூடு இறங்காது. அதான் ஏசி வேண்டியதில்ல," என்றாள்.

"மிஷின் எண்ணெ நாத்தம் அடிச்சுது. அலசிக் காயப்போட்டு, தையல் மிஷின்ல சாக்குத் தெச்சேன்," என்றார் பத்ருன்னிசா. "நாலு தண்ணி அலசினேன் மாஸ்டரு. நாலுலயும் வந்துச்சு."

ஆத்தப்பன் பாட்டிலைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். துணியை எடுத்து ஈரக் கையில் தேய்த்தார். கை சிவந்தது.

"நம்ம டி-ஷர்ட்டு அப்படி இல்லீங்க," என்றார். "வேற யாரு ஊட்டுலயாச்சும் சாயம் போச்சுங்களா? சொல்லுங்க. தைரியமாச் சொல்லுங்க."

ஆளாளுக்குத் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் வேல்குமார் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்ல சாயந்தானுங்க. கொஞ்சம்... தாராளமுங்க."

"அப்படின்னா?"

"நாலு வேட்டி ரோஸ் ஆயிப்போச்சுங்க."

அவ்வளவுதான், மடை திறந்தது. ஒரு வீட்டில் பள்ளிச் சீருடை, ஒரு வீட்டில் மெத்தை விரிப்பு, ஒரு வீட்டில் மாமனாரின் வெள்ளைத் துண்டு. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் மனசு சங்கடப்படும் என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக ரோஸ் வேட்டியை மறைத்து வைத்திருந்தது.

ஆத்தப்பன் கடைசி நம்பிக்கையாக மருதம்மாள் பக்கம் திரும்பினார். "நம்மூட்டுல போவலியே?"

"நான் உங்களுத மட்டும் தனி பக்கெட்டுலதானுங்க ஊற வெக்கறேன்," என்றார் மருதம்மாள். "பொங்கல்ல இருந்து."

"அப்ப நம்ம எல்லார் ஊட்டுத் தண்ணியும் இந்தக் கலருலதான் போயிருக்குது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அதெல்லாம் எங்கங்க போச்சு?"

பத்ருன்னிசா ஆத்தப்பனைப் பார்த்தார். யாரும் கை நீட்டித் திசை காட்டவில்லை.

ஆத்தப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாயம் போட்ட அன்னைக்குப் பட்டறைக்கு லாரித் தண்ணி பாதிதானுங்க வந்துச்சு," என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு அலசு மிச்சம் பண்ணினேன்." புகார் மனுவை எடுத்து மடித்து இடுப்பில் செருகினார். அவர் விரல் பட்ட இடமெல்லாம் காகிதம் ரோஸ் ஆனது. "கூட்டம் முடிஞ்சுதுங்க. எல்லாரும் டீ குடிச்சுப்போட்டுப் போங்க."

அமானுல்லாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அமானுல்லாவும் எதிர்பார்க்கவில்லை. "டீ நல்லா இருக்குதுங்க மாஸ்டரு," என்றார். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள்.

சன்னலிலிருந்து பாட்டில்கள் மறைந்தன. பங்குனியில் போர்வெல்லில் தண்ணீர் குறைந்தது. மோட்டாரை நாளுக்கு ஒரு வேளை மட்டும் போடுவது என்று சங்கம் முடிவு செய்தது. தெருவில் செடிகளெல்லாம் கருகின. கல்வாழை மட்டும் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் ஆத்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "குளிச்ச தண்ணிப் பூவு," என்று வேல்குமாரிடம் ஒரு தடவை சொன்னார். முன்பிருந்த சுருதி இல்லை.

சித்திரையில் ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பிளாஸ்டிக் பைப்பை ரம்பத்தால் அறுக்கும் ஓசை கேட்டது. மத்தியானம் இரண்டு மணி, நாய்கூடத் தெருவில் இல்லாத நேரம். மறுநாள் மண்வெட்டி ஓசை. அடுத்த நாள் ஜல்லி கொட்டுகிற ஓசை. அதுவும் கூடை கூடையாக இல்லாமல், கை கையாக.

"மாஸ்டரு ஊட்டுல என்னமோ நடக்குது," என்றார் பத்ருன்னிசா.

மெஹ்ஜபின் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள். "அத்தா, மதிலோரம் கல்வாழை மூணு குத்து காணோம். வேரோட பேத்திருக்கு."

அமானுல்லா வாசலில் உட்கார்ந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "காத்துல போயிருக்கும் கண்ணு."

"காத்தே இல்லியே அத்தா."

"அடிச்சிருக்கும். நாம தூங்கிட்டிருந்திருப்போம்."

அந்தப் பக்கம், குளியலறைக்குப் பின்னால், ஆத்தப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அறுத்த பைப்பின் வாயிலிருந்து அவர் குளித்த தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று கல்வாழைகளும் வாடிய தலையோடு நின்றன. ஓரத்தில் ஒரு பக்கெட். அதில் அவருடைய டி-ஷர்ட் ஊறிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவரே துவைக்கிறார்.

மதிலுக்கு மேலே பார்த்தார். தெருப்பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. பக்கெட்டைச் சாய்த்துப் பாத்தியில் ஊற்றினார். மெரூன் கல்வாழையின் அடியில் சுற்றிக்கொண்டு நின்றது. குனிந்து ஒரு கை அள்ளினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தேய்த்தார்.

பிறகு காய்ந்த தென்னை மட்டை ஒன்றை இழுத்து வந்து, தண்ணீர் தெரியாதபடி மேலே போட்டு மூடினார்.